ஆச்சுங்களா?

டீ மாஸ்டர் பாய்லர் குழாயைத் திறப்பதற்கு முன்பே “ஆச்சுங்களா?” என்று கேட்கிற ஆளை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நல்லம்பள்ளியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோ வைத்திருந்த அக்கா அவர். ஊருக்கே ஸ்டுடியோ அக்கா. பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னாலும் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது.

அந்த வட்டாரத்துக்கு இன்டர்நெட் லைன் இழுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கம்பத்துக்குக் கம்பம் கேபிள் கட்டி, கடைக்குக் கடை ரூட்டர் மாட்டி, மழை பெய்தால் திட்டு வாங்கி, வெயிலடித்தால் கருகிப்போகிற பிழைப்பு. அக்கா கடைக்கு லைன் கொடுக்கப் போன அன்றைக்கு ஏணியைச் சுவரில் சாய்த்து முதல் படியில் கால் வைத்தேன். கீழேயிருந்து “ஆச்சுங்களா தம்பி?” என்று குரல் வந்தது. இப்போதுதான் ஏறுகிறேன் என்றேன். இல்லை, சும்மா கேட்டேன் என்றார். நான் இறங்குவதற்குள் அந்தச் சும்மாவை இன்னும் பலமுறை கேட்டுவிட்டார்.

உட்கார்ந்து அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கறுப்பு மொபெட்டில் கேமரா பையை முன்னால் வைத்துக்கொண்டு பறப்பார். ஹெல்மெட் இருக்கும், பட்டை மாட்டியிருக்காது, அதற்கு நேரமில்லை. கொதிக்கிற டீயை அப்படியே குடிப்பார். சாப்பிடும்போது ரசம் வருவதற்குள் மோர் கேட்பார். அவர் கணவருக்கு இண்டூர் பக்கம் கேழ்வரகுக் காடும் நாலைந்து புளியமரமும் இருந்தன. நிதானமான மனிதர். ஒரு பேச்சை ஆரம்பித்தால் பீடியை அணைத்துவிட்டுத்தான் முடிப்பார். அக்காவின் அவசரத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒரே பதில்தான்: “எட்டாம் மாசத்துலயே பொறந்தவளுங்க. பத்து மாசம் பொறுத்திருந்தா அவளே இல்லீங்களே.”

கல்யாண மண்டபத்தில் அக்கா இருந்தால் ஐயருக்கே கொஞ்சம் பயம்தான். கேமராவுக்குப் பின்னாலிருந்து, சாமி, மந்திரத்தைக் கொஞ்சம் ஓட்டுங்க என்பார். பந்தி முடிந்ததும் உறவுக்காரர்கள் நழுவிவிடுவார்கள் என்று, தாலி கட்டும் முன்பே இரண்டு வீட்டாரையும் நிற்கவைத்துக் குரூப் போட்டோ எடுத்து முடித்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஐயர் முகத்தையே பார்த்தபடி இருந்தான். அக்கா தன் போக்கில், “ம், ஆவட்டும்” என்று சொல்ல, பயந்த சுபாவமுள்ள அந்தப் பையன் அதை ஐயர் உத்தரவாக நினைத்துக் கட்டியே விட்டான். கெட்டிமேளம் பின்னால் ஓடி வந்தது. பெண் வீட்டில் பெரிய சண்டை. சத்தமே இல்லாமல் தாலி ஏறிவிட்டது, இது அபசகுனம் என்று பெரியவர்கள் குதித்தார்கள்.

அதைச் சரிசெய்தது அக்காவின் மகள். வீடியோவில் மேளச் சத்தத்தை வெட்டி எடுத்து, மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் பின்னால் போகிற இடத்தில் சரியாகக் கொண்டுபோய் வைத்தாள். பார்த்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சண்டை போட்ட பெரியவரே டிவி முன்னால் உட்கார்ந்து, மேளம் அன்றைக்கு நேரத்துக்குத்தான் கொட்டியிருக்கிறார்கள், நமக்குத்தான் காது கேட்கவில்லை என்று சொன்னாராம். அக்கா இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “நான் அவசரத்துல உடைக்கறதை எல்லாம் எம் பாப்பா ஒட்டவெச்சுடும் தம்பி” என்பார்.

அந்தப் பாப்பா பெங்களூரில் இருந்தாள். ஒரே பெண். பகலில் விளம்பரப் படம் எடிட் பண்ணும் ஒரு ஆபீஸில் வேலை. இரண்டு தோழிகளோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மிச்ச நேரத்தில் அம்மா எடுத்த கல்யாணங்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து மிக்ஸிங் பண்ணிக் கொடுப்பாள். அக்கா எடுத்ததை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, அதைத் துண்டில் சுற்றி ஒரு டிபன் பாக்ஸில் வைத்து, மேல் அடுக்கில் புளிசாதம் கட்டி, பைபாஸில் நின்று தெரிந்த பஸ் டிரைவரிடம் கொடுத்து பெங்களூருக்கு அனுப்புவார். ஹார்டு டிஸ்க்கில் பெருங்காய வாசனை வருகிறது என்று மகள் சண்டை போடுவாள். டிஸ்க்கில் ஏற்றிய கையோடு கேமரா கார்டில் இருப்பதை அக்கா அழித்துவிடுவார். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு வேண்டுமே. கொஞ்சநாள் வைத்திருங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன், மகளும் சொல்லியிருக்கிறாள். அவர் காதில் எங்கே ஏறும்?

மிக்ஸிங் முடிந்த படம் திரும்பி வருவதற்கு மறுபடி பஸ்ஸை எதிர்பார்க்க அவரால் முடியாது. அதற்காக மகள் இரண்டு கம்ப்யூட்டரிலும் டோரன்ட் சாப்ட்வேர் போட்டாள். ஊரில் அதைத் திருட்டுப் படம் இறக்குகிற சாமானாகத்தான் தெரியும். புதுப்படம் இருக்கா என்று கேட்டு வருகிற பையன்களை அக்கா விரட்டுவார். இவர்களுக்குள் அது ஒரு கல்யாணப் படத்தைத் துண்டு துண்டாகப் பெங்களூரிலிருந்து நல்லம்பள்ளிக்குக் கொண்டுவரும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் ஊர் கரண்டுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

முதல் படம் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒரு காலேஜ் பையன் அதைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கொளுத்திப் போட்டான். சாப்ட்வேர் வரும்போதே ஒரு போர்ட் நம்பரோடு, டேட்டா வந்துபோகிற கதவின் எண்ணோடு, வரும், அதை அப்படியே வைத்திருந்தால் லைன்காரர்கள் கண்டுபிடித்து வேகத்தைப் பிடித்துவைப்பார்கள், நம்பரை மாற்றினால் பறக்கும் என்று. அக்கா மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக என் ஆபீஸுக்கு வந்து, நீங்கதான் புடிச்சு வெச்சிருக்கீங்களா என்று கேட்டார்.

எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. இருந்தாலும் விளக்கினேன். அந்தப் பையன் சொன்னது ஒருகாலத்தில் சில இடங்களில் உண்மை. சில கம்பெனிகள் அந்தப் பழைய நம்பர்களில் போவதை மட்டும் இறுக்கினார்கள், மாற்றினால் வேகம் வந்தது. இப்போது அப்படிப் பார்ப்பதில்லை. வெறும் நம்பரை மாற்றுவதால் வேகம் கூடாது, குறையாது. ஆனால் இரண்டு கம்ப்யூட்டரும் சந்திக்க ஏதாவது ஒரு பக்கமாவது கதவு திறந்திருக்க வேண்டும். மகள் தங்கியிருக்கிற கட்டிடத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே லைன், அங்கே எதையும் திறக்க முடியாது. கடை ரூட்டரில் ஒரு நம்பரைத் திறந்து, சாப்ட்வேரிலும் அதே நம்பரை வைத்தால் வழி நேராகிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மகள் போன் ஸ்பீக்கரில் இருந்தாள். எந்த நம்பர் வைக்கலாம் என்று கேட்டேன். “அம்மா வண்டி நம்பரை வெச்சுடுங்கண்ணா, அது ஒண்ணுதான் அவங்களுக்கு மறக்காது” என்றாள். மொபெட்டின் நம்பரை ரூட்டரில் திறந்தேன், சாப்ட்வேரிலும் போட்டேன். திரையின் அடிப்பக்கத்தில், யாரோடு இணைந்திருக்கிறோம் என்று காட்டுகிற இடத்தில், ஒரே ஒரு வரி வந்து உட்கார்ந்தது. பெங்களூர்க் கம்ப்யூட்டர். படம் மளமளவென்று இறங்க ஆரம்பித்தது.

“பாத்தீங்களா, நம்பரை மாத்தினதும் ஓடுது” என்றார் அக்கா. நம்பரால் இல்லை, திறந்ததால் என்று மறுபடி தொடங்கினேன். எதாலயோ ஆச்சுல்ல என்று என் வாயை அடைத்துவிட்டார். போனில் மகள் சிரித்தாள். அப்புறம் அம்மாவைக் கண்டித்துச் சொன்னாள்: “அம்மா, நீ எதை வேணா நோண்டு. இந்த நம்பரை மட்டும் தொடாத. தொட்டா நான் அனுப்பறது வராது.”

அதிலிருந்து அந்த வரி வந்தால், பாப்பா வந்துட்டா என்பார் அக்கா. போட்டோ எடுக்க வந்தவர்களிடம்கூடச் சொல்வார். படம் முழுதாக இறங்கியதும் அந்த வரி தானாகப் போய்விடும். இரண்டு பக்கமும் முழுதாக இருந்தால் கொடுக்கல் வாங்கல் இல்லை, சாப்ட்வேரே தொடர்பை விட்டுவிடும். “ஆச்சு, போயிட்டா” என்று சொல்லிக்கொண்டே அக்கா ஷட்டரை இழுப்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. வத்தல்மலைப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தை அக்கா எடுத்திருந்தார். பெண்ணின் அப்பா மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். மேடையில் பாட்டுக் கச்சேரிக்காரர்களின் மைக்கைப் பிடுங்கி, மகளைப் பற்றி வெகுநேரம் பேசினாராம். அடுத்த முகூர்த்தத்துக்கு ஓட வேண்டிய அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்திருக்கிறார். கார்டை வழக்கம்போல அழித்துவிட்டார். டிஸ்க் டிபன் பாக்ஸில் பெங்களூர் போனது.

மகளுக்குக் காய்ச்சல். அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா கஷாயம் வைத்துக் குடி, மாத்திரை போடு என்று சொல்லிவிட்டு, படம் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் தினமும் போன் செய்கிறார்கள், சீக்கிரம் முடி என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் காய்ச்சலோடு உட்கார்ந்து முடித்தாள். முடித்து அனுப்புவதற்குப் போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். “போட்டுட்டேம்மா. வந்துட்டே இருக்கு” என்றாள். அவள் அம்மாவிடம் பேசியது அதுதான் கடைசி. அன்றைக்குச் சாயங்காலமே தோழிகள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டெங்கு. உள்ளே போனவள் திரும்பவில்லை.

இண்டூர் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆண்கள் பந்தலுக்கு வெளியே நின்று வானத்தைப் பார்த்துப் பார்த்து, பெரிய மழை பிடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பேசினார்கள். உள்ளே போய் ஒருவர், ஆச்சுங்களா, எடுக்கலாங்களா என்று கேட்டார். பெண்கள் எழுந்தார்கள். அக்கா மட்டும் மகளின் தலைமாட்டை விட்டு அசையவில்லை.

“இருங்க” என்றார். “இன்னாத்துக்கு இவ்வளவு அவசரம்?”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவர் கணவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

காரியம் முடிந்து கொஞ்சநாள் கழித்துத்தான் கடை திறந்தது. அதுவரை கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தது. வத்தல்மலைப் படம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி நின்றிருந்தது. பெங்களூரில் மகளின் கம்ப்யூட்டரைத் தோழிகள் அணைக்கவில்லை. மாசக் கடைசியில் அறையைக் காலி பண்ணும்வரை ஓடட்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் ஒருநாள் போய் அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டு வருகிறேன், போக வர ஒரு பகல் போதும் என்றேன். அக்கா வேண்டாம் என்றார்.

“வந்துட்டே இருக்குதுன்னு சொல்லியிருக்குது தம்பி. வரட்டும்.”

வந்தபாடில்லை. மிச்சமிருந்தது அவர்கள் லைனுக்கு அரை நாள் வேலைகூடக் கிடையாது. கடைப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். எண் ஏறியிருக்கும், ஆனால் நகம் அளவு. மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தால் அக்கா, “ஆவுதுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். லைனைச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. இடையில் ஒருநாள் அக்கா என்னிடம், “நம்பரை மாத்தினா வேகம் கொறையுமா தம்பி?” என்று கேட்டார். கூடுமா என்று கேட்க வந்தவர் வாய் தவறிக் கேட்கிறார் என்று நினைத்து, கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்று பழைய பாட்டையே பாடினேன்.

பிறகு ஒருநாள் சாப்ட்வேரின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். போர்ட் நம்பரின் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடியிருந்தது. ரூட்டரில் திறந்திருப்பது மொபெட் நம்பர், சாப்ட்வேர் காத்திருப்பது பக்கத்து நம்பரில். பெங்களூரிலிருந்து வருவது மூடிய கதவில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. போட்டோ எடுக்க வந்தவன் எவனோ நோண்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே சரிசெய்தேன். அக்கா கூட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை போனபோது ஒன்று குறைந்திருந்தது. அதையும் சரிசெய்தேன்.

மறுநாள் காலை அந்தத் தெருவில் கேபிள் வேலை. கடை திறந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த வரி வந்திருந்தது, எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன. கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்து பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, போதும் என்று யாருக்கோ சொல்வதுபோல் தலையை ஆட்டிவிட்டு, செட்டிங்கைத் திறந்து கடைசி இலக்கத்தை மாற்றினார். சாப்ட்வேரை மூடித் திறந்தார். வரி வரவில்லை. எழுந்து திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

ஏன் அக்கா என்றேன்.

“தொட்டா வராதுன்னு அவதான தம்பி சொன்னா. அதான் தொடறேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டார் எனக்கு. அவரும் உட்கார்ந்தார். முழுதாக வந்துவிட்டால் அந்த வரி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ கல்யாணத்துக்குப் பார்த்திருக்கிறார். இருக்கிற மிச்சத்தை நாளுக்குக் கொஞ்சமாக, உப்பு கிள்ளிப் போடுகிற மாதிரி விட்டுக்கொண்டிருந்தார். காலையில் ஒருமுறை வரி வரும், பார்ப்பார், நிறுத்துவார். அவ்வளவுதான் அவருக்கு அன்றைய நாள்.

“காய்ச்சல்னு சொன்னா தம்பி. எனக்குக் காதுல உழுந்துச்சு. நான் எப்ப வரும்னு கேட்டேன். பொறந்ததுல இருந்து அவளை ஓடு ஓடுன்னேன். ஸ்கூலுக்கு ஓடு, பஸ்ஸுக்கு ஓடு. இதையாவது மெதுவா வரட்டும்னு உட்டிருக்கறேன்.”

அங்கே அறையைக் காலி பண்ணுகிற நாள் வரும் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். அவருக்கும் அது தெரியாமலா இருக்கும்? அதற்குப் பிறகு அந்த நம்பரை நான் சரிசெய்யவில்லை. லைன்காரனாக எனக்குத் தெரிந்ததெல்லாம் வேகம் எப்படிக் கூட்டுவது என்பதுதான். அதை வேண்டாம் என்கிற ஆளுக்கு என்ன செய்வது?

மாசக் கடைசி நெருங்கியபோது வத்தல்மலைப் பெண்ணே கடைக்கு வந்தாள். நான் ரூட்டரின் பழுதான வயரை மாற்றிவிட்டு மிச்ச வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூடப் போகவில்லை, முகம் மட்டும் வாடிப்போயிருந்தது. அக்காவின் வீட்டில் நடந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசலிலேயே நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அக்காதான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பினார்களா என்று கேட்டார். இல்லை, அவர்களுக்குத் தெரியாது, நானாகத்தான் வந்தேன் என்றாள்.

“எங்கப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுங்கக்கா. கல்யாணம் ஆன அடுத்த வாரமே. பேச்சு வரலைங்க. என்னைப் பாத்தா வாயைத் திறக்கறாரு, பேரு சொல்ல வரலை, அழுவறாரு.” அவள் குரல் உடைந்தது. “அன்னிக்கு மைக்குல என் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசினாருங்க. அது உங்க வீடியோல மட்டுந்தான் இருக்குது. அதைப் போட்டுக் காட்டினா, கேட்டுக் கேட்டு வாய் வரும்னு சொல்றாங்க. வரலைன்னாலும் பரவாயில்லைங்க. எனக்கு ஒருக்கா கேக்கணும்.”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பவும் கூடாது, அக்காவிடம் இருப்பதைப் பிடுங்கவும் கூடாது. இரண்டும் ஒருசேர நடக்காது என்று எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு இடத்தில் என்னை நிறுத்திய கடவுள்மேல் கோபம் வந்தது.

“உங்கப்பாவுக்குக் காது கேக்குதாம்மா?”

“நல்லாக் கேக்குதுங்க.”

“அப்ப இரு” என்றார் அக்கா.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். செட்டிங்கைத் திறந்தார். கடைசி இலக்கத்தை அழித்தார். வெளியே மொபெட் நின்றிருந்தது. மனப்பாடமான நம்பர்தான், இருந்தும் ஒருமுறை திரும்பி அந்த நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தார். சாப்ட்வேரை மூடித் திறந்தார். வரி வந்தது.

இந்த முறை அவர் நிறுத்தவில்லை. நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படம் இறங்கத் தொடங்கியது. போர்ட் சரியாக இருந்தால் அந்த லைன் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும், நானே இழுத்த லைன். முதல்முறையாக அது கொஞ்சம் மெதுவாக ஓடினால் தேவலை என்று இருந்தது. அக்கா எங்கள் மூவருக்கும் டீ சொன்னார், அது வந்து ஆறியது. வெகுநேரம் கழித்து வத்தல்மலைப் பெண்தான் மெல்லக் கேட்டாள்.

“ஆச்சுங்களா?”

“அவசரப்படாதம்மா. வந்துட்டே இருக்கு” என்றார் அக்கா.

கடைசித் துண்டு வந்ததை நான் பார்த்தேன். எண் நூறாகியது. பச்சைக் கோடு முழுசானது. அந்த வரி ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு இல்லை. கீழே வெறும் வெள்ளை. அக்காவின் கை மவுஸின் மேல் இருந்தது, அதை எடுக்கவில்லை.

பெண் பார்க்கட்டும் என்று படத்தை ஓடவிட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா பேசுகிற இடத்துக்கு நகர்த்தினார். தடித்த குரல். மலைக்காரர்களுக்கு உரிய உரத்த பேச்சு. மகளின் பெயரைச் சொல்லி, இங்க வாடி என் கண்ணு என்று கூப்பிட்டார். வத்தல்மலைப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பேச்சு எங்கேயும் வெட்டப்படவில்லை. நீளமான அந்தப் பேச்சை, காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் விட்டிருக்கிறாள்.

பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார் அக்கா. இரண்டு பென் டிரைவ். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்றார். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். மெதுவாகப் போ, வழுக்கும் என்று அக்கா பின்னாலிருந்து சொன்னார்.

கடையில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். என் வேலை முடிந்திருந்தது, எழுந்துபோக மனம் வரவில்லை.

“இப்ப நம்மகிட்ட முழுசா இருக்குது இல்லீங்களா தம்பி?”

“இருக்குங்கக்கா.”

“அந்தப் பக்கம் யாராவது கேட்டா இனிமே நாம அனுப்பலாம் இல்லீங்களா?”

அந்தப் பக்கம் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? நாலைந்து நாளில் அந்த அறை காலி. “அனுப்பலாங்கக்கா” என்றேன்.

“அப்ப அந்த நம்பர் அப்படியே இருக்கட்டும். இனிமே நான் தொடமாட்டேன். நீங்களும் தொடாதீங்க.”

நான் தொடவில்லை. அக்கா ஸ்டுடியோவை விட்டுக் கணவரோடு இண்டூர்க் காட்டுக்கே போய்ச் சில வருஷமாகிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு பேக்கரி இருக்கிறது. ரூட்டர் பழையதுதான். உபயோகமில்லாத போர்ட்டுகளை மூடச் சொல்லி மேலிருந்து உத்தரவு வரும், மற்றதையெல்லாம் மூடுவேன்.

அன்றைக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டீ மாஸ்டர் கிளாஸ் எடுக்க வந்தார். என் கிளாஸையும் அந்தப் பெண்ணின் கிளாஸையும் எடுத்துக்கொண்டார். அக்காவின் கிளாஸில் டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்திருந்தது. இத்தனை வருஷமாக அவரிடம் அக்கா கேட்டதை அவர் அக்காவிடம் கேட்டார்.

“ஆச்சுங்களாக்கா?”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னும் ஆவலைங்க” என்றார்.